பேசியவர்கள் பெயரை எழுதாதீர்கள்

பி.எட். முடித்த கையோடு வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஏதோ ஒரு பள்ளியில் ஜூன் மாதம் வேலைக்குச் சேருகிறவருக்கு ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "முதல் நாளே சிரிச்சுப் பேசிடாதீங்க மிஸ். அப்புறம் தலைமேல ஏறி உட்கார்ந்துக்குவாங்க." சொல்கிற மூத்த ஆசிரியருக்கு உங்கள் மேல் அக்கறைதான். அவர் வேலைக்கு வந்தபோது அவருக்கும் யாரோ இதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் முறைப்பை மட்டும் நம்பி வகுப்பெடுக்கிறவர் காலாண்டுத் தேர்வு வருவதற்குள் தொண்டை கட்டிப்போய் நிற்கிறார். சத்தம் போட்டால் அடங்குகிற வகுப்பு, அடுத்த முறை அதைவிடப் பெரிய சத்தத்துக்குத்தான் அடங்கும்.

பள்ளிக்கரணை, மேடவாக்கம், ஜல்லடியன்பேட்டை, பெரும்பாக்கம் பக்கம் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. வகுப்பை நடத்துகிற வேலையில் ஒரு பங்கை மாணவர்களிடம் உண்மையாகவே ஒப்படையுங்கள். எதை ஒப்படைப்பது, எப்படி ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் ஒழுங்குப் பிரச்சினையில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். மிச்சம் இருப்பதைக் கையாளவும் வழி இருக்கிறது.

லீடரிடம் கொடுப்பது என்ன?

நம் பள்ளிகளில் எல்லோரும் பார்த்து வளர்ந்த ஒரு வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியர் ஹெச்.எம். அறைக்குப் போக வேண்டியிருக்கிறது. கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, "யார் பேசுறாங்களோ, பேரை எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு, மேலே 'பேசியவர்கள்' என்று தலைப்பு. லீடரின் நண்பன் பெயர் அதில் வராது. லீடருக்குப் பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி இரண்டு, மூன்று என்று ஏறும். லஞ்ச் பிரேக்கில் பேரம் நடக்கும்: "பேரை அழிச்சிடுடா, நாளைக்கு முறுக்கு வாங்கித் தர்றேன்." ஆசிரியர் திரும்பி வந்து பட்டியலைப் பார்த்துத் தண்டனை கொடுக்கும்போது, தான் பார்க்காத ஒன்றுக்கு ஒரு பிள்ளையின் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார். அது அநியாயம் என்று அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

இங்கே லீடருக்குக் கிடைப்பது காவல் வேலை. மற்ற நாற்பது பேருக்கோ அந்த ஐந்து நிமிடத்தில் செய்வதற்கு எதுவுமே கொடுக்கப்படவில்லை. பேச்சு கிளம்புவதற்குக் காரணமே அதுதான். அதே ஐந்து நிமிடத்துக்குப் பலகையில் இரண்டு கணக்கை எழுதிப் போடுங்கள். "முடிச்சவங்க பக்கத்துல இருக்கிறவங்க விடையோட ஒத்துப் பாருங்க. ரெண்டு பேருக்கும் வேற வேற விடை வந்தா, எந்த வரியில பிரியுதுன்னு கண்டுபிடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போதும் பேச்சு இருக்கும். ஆனால் அது கணக்கைப் பற்றிய பேச்சாக இருக்கும்.

ஆறு வயதிலேயே செய்து காட்டியவர்கள்

"பெரிய பசங்களே கேட்க மாட்டேங்கிறாங்க, சின்னப் பிள்ளைங்ககிட்ட என்ன பொறுப்பைக் கொடுக்கறது?" என்று கேட்பவர்களுக்கான பதில் சென்னையிலேயே இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிவைத்தார். ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறை அது. அதற்கும் முன்னோடி, டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கர்நாடகத்தில் தொடங்கிய நீல்பாக் பள்ளி. மாநகராட்சிப் பள்ளிகளில் வேரூன்றிய பிறகு, 2007–08 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் அது விரிந்தது.

அந்த வகுப்பறையின் ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெஞ்சு கிடையாது, பிள்ளைகளும் ஆசிரியரும் தரையில் பாயில் உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றித் தரையோடு ஒட்டிய தாழ்வான கரும்பலகை. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகத் திறந்த அடுக்குகளில் இருந்தன. பாட வரிசையைக் காட்டும் ஏணிப்படியைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே கண்டுபிடித்து, அதற்கான அட்டையை எடுத்து, வேலையை முடித்து, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வருகையைக்கூடப் பிள்ளைகள் தாங்களே பதிவு செய்தார்கள். அன்றைய வானிலையைக் குறித்தார்கள். வரைந்ததும் எழுதியதும் வகுப்பின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கின.

அந்த முறைக்குக் குறைகளும் சொல்லப்பட்டன. ஒரே வீச்சில் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதில் ஆசிரியர்கள் பலருக்கு மனக்குறை இருந்தது. 2022 முதல் தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. ஆனாலும் ஒரு செய்தியை அந்த ஆண்டுகள் நிலைநாட்டிவிட்டன: பூட்டு இல்லாத அடுக்கிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பி வைக்க ஆறு வயதுப் பிள்ளையால் முடியும், அதைச் செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வம்பு செய்ய நேரம் இல்லை. எட்டாம் வகுப்பு மாணவனை நம்பி நோட்டுக் கட்டைக் கொடுக்கத் தயங்குகிற நமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் ஒரு நூல் எழுதினார். நல்ல ஒழுங்கு உள்ள வகுப்பின் ஆசிரியரும் ஒழுங்கில்லாத வகுப்பின் ஆசிரியரும் தவறு நடந்த பிறகு கண்டிக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் அவருக்குத் தென்படவில்லை. தவறு நடப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அறை முழுக்கக் கண் ஓடிக்கொண்டிருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பை வழுக்காமல் நகர்த்துவது, யாருக்கும் சும்மா இருக்க இடம் விடாமல் பார்த்துக்கொள்வது. கண்டிக்கும் கலையைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் உழைப்பில் பாதியை, பாடம் மாறுகிற அந்த இரண்டு நிமிடங்களைத் திட்டமிடச் செலவிட்டால் பலன் அதிகம்.

ஜூன் மாதத்தின் முதல் பத்து நாள்

கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய 'திவாஸ்வப்னா' தமிழிலும் வந்திருக்கிறது. ஆசிரியராகப் போகிற எல்லோரும் படிக்க வேண்டும். அதில் வருகிற ஆசிரியர் முதல் நாள் பிள்ளைகளை அமைதி விளையாட்டு விளையாட வைக்கப் பார்க்கிறார். வகுப்பு ரகளையில் முடிகிறது. அடுத்து அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காருகிறார்கள். அமைதியைக் கேட்டு வாங்க முடியாது என்பதை முதல் நாளிலேயே அவர் புரிந்துகொள்கிறார்.

முதல் பத்து நாளில் பாடம் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, வகுப்பின் நடைமுறைகளைப் பாடமாகவே நடத்துங்கள். உள்ளே வந்ததும் என்ன செய்வது, நோட்டுகளை எந்த வரிசையில் முன்னுக்குக் கடத்துவது, நான்கு நான்கு பேராக உட்காருவதற்கு எந்த பெஞ்சு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பெல் அடித்ததும் யார் முதலில் எழுவது. சொல்லிவிட்டால் மட்டும் போதாது. செய்து பார்க்கச் சொல்லுங்கள். சரியாக வராவிட்டால் கோபப்படாமல் மறுபடி ஒருமுறை. பி.டி. பீரியடில் அணிவகுப்புக்குப் பயிற்சி தருகிறோமே, அதுபோலத்தான்.

தண்ணீர், டாய்லெட் விஷயத்தில் முதல் நாளே தெளிவாக இருங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் அட்டை தொங்கட்டும். போக வேண்டியவர் அட்டையை எடுத்துக்கொண்டு, பக்கத்து நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போகலாம். அட்டை திரும்பி வந்த பிறகு அடுத்தவர். பாடத்தை நிறுத்திக் கைதூக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில நாள் விளையாட்டாகப் போவார்கள், பிறகு அடங்கிவிடும். மாதவிடாய் நாளில் ஆண் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று தவிக்கிற பெண் பிள்ளைக்கு அந்த அட்டை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று வினாடி பொறுத்தால் பதிலின் நீளமும் பதில் சொல்கிறவர்களின் எண்ணிக்கையும் கூடுகின்றன என்று மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத கடைசி பெஞ்சுதான் பெரும்பாலும் வம்பில் இறங்குகிறது.

யார் எங்கே உட்காருவது என்பதையும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். நாங்குநேரியில் 2023-இல் நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்கச் சொல்கிறது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்கிறது. சென்னைப் புறநகரில் இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே சாதியோடு குடியிருப்பும் சேர்ந்துகொள்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளை 'ஹவுசிங் போர்டு பசங்க' என்று தனியாக ஒதுக்கிப் பேசுவது பள்ளிக்குள்ளும் கேட்கிறது. ஆசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல் ஒருமுறை வந்தால், வகுப்பு அதை ஆண்டு முழுக்கச் சொல்லும்.

என்னென்ன வேலை கொடுக்கலாம்

வேலை நிஜமானதாக இருக்க வேண்டும். அது நடக்காவிட்டால் வகுப்புக்கு ஏதாவது நஷ்டம் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். எல்லோருக்கும் முறை வர வேண்டும், முக்கியமாக யாரை நம்பிக் கொடுக்க முடியாது என்று நினைக்கிறீர்களோ அவர்களுக்கு.

நோட்டுகளைச் சேகரித்து எண்ணி வைப்பது, வகுப்பு நூலகப் பதிவேடு, ஃபேன், லைட் அணைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் மிகவும் மதிக்கிற வேலை ஒன்று உண்டு: வராதவர் நோட்டு. அன்று யார் வரவில்லையோ அவருக்காக, அன்றைய பாடத்தில் என்ன நடந்தது, என்ன வீட்டுப்பாடம் என்று ஒரு மாணவர் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எழுதுகிற பிள்ளை வகுப்பைக் கூர்ந்து கவனிக்கும்; வராத பிள்ளை திரும்பி வரும் நாளில் திட்டு வாங்காமல் பாடத்தில் சேர்ந்துகொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பள்ளிக்கரணையைச் சுற்றித் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். புத்தகமும் நோட்டும் நனைந்துபோன பிள்ளையிடம் "நோட்டு எங்கே?" என்று கேட்டு நிறுத்திவைப்பதைவிட, "அந்த வாரப் பாடம் இந்த நோட்டில் இருக்கு, எடுத்துக்கோம்மா" என்று சொல்ல முடிவது எவ்வளவு நல்லது.

மழையிலிருந்தே இன்னொரு வேலை கிடைக்கிறது. கழுத்துப் பகுதியை வெட்டிக் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தினமும் காலையில் ஒருவர் அளந்து பலகையில் எழுதட்டும். மழை அளவு வீட்டிலும் பேச்சாக இருக்கிற ஊர் இது. எண்ணை எழுதுகிற பிள்ளைக்கு அந்த மூன்று மாதமும் தனி மரியாதை. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. வரும் வழியில் கண்ட பூநாரை, கூழைக்கடா, நாமக்கோழி என்று தேதி போட்டு எழுதும் பறவை நோட்டு ஒன்றை ஏழாம் வகுப்பு தாராளமாக நடத்தும். மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளைகளில் பறவையைச் சட்டென்று அடையாளம் காண்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வகுப்பில் ஓர் இடம் கிடைப்பது ஒழுங்கு விஷயத்தில் நீங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கையையும்விடப் பெரிது.

அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. நல்ல அமைப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: செய்த வேலைக்குப் புள்ளி கொடுங்கள், பேசியதற்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள். ஒரு பிள்ளையால் குழுவுக்குப் புள்ளி குறைந்தால், பள்ளி விட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

கொடுக்கவே கூடாத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை சுத்தம் செய்வது மாணவர் வேலை கிடையாது. அதை யாருக்குச் சொல்கிறோம் என்பதில் சாதி எப்படிப் புகுந்துவிடுகிறது என்பதை நாம் செய்தித்தாளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். ஆசிரியரின் டிபன் பாக்ஸைக் கழுவுவது, மெயின் ரோட்டைக் கடந்து டீ வாங்கி வருவது, இவையும் கூடாது. பெருக்குவதற்குப் பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்குவதற்கு ஆண் பிள்ளைகள் என்ற பிரிவினை உங்கள் வகுப்பில் இருக்கக் கூடாது. பெருக்கும் முறை பட்டியலில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். முடிந்தால் உங்கள் பெயரும்.

தவறு நடந்த பிறகு

எவ்வளவு திட்டமிட்டாலும் சண்டை வரும், பொய் வரும், எதிர்த்துப் பேச்சு வரும். அப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இலேயே திருத்தப்பட்டு, மாணவரின் உடலுக்கோ மனத்துக்கோ வலி தருவது தடை செய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. பெஞ்சு மேல் நிற்கவைப்பது, முட்டிபோட வைப்பது, வகுப்பில் அடைத்துவைப்பது ஆகியவையும், பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வதும் அந்த வழிகாட்டுதல்களில் தண்டனை, துன்புறுத்தல் என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. "கையால தொடல, சும்மா வார்த்தையாலதான்" என்ற சமாதானம் செல்லாது.

வேலை போய்விடும் என்ற பயத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளை தான் செய்ததை மறந்து நீங்கள் செய்ததையே நினைத்துக்கொண்டிருக்கும். தன் தவறைத் திரும்பிப் பார்க்கிற வாய்ப்பை அந்த அடி பறித்துவிடுகிறது.

அடிக்குப் பதிலாக மூன்று கேள்வி போதும். சண்டையை விலக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேளுங்கள்: என்ன நடந்தது? யாருக்கு என்ன கஷ்டம் ஆச்சு? அதைச் சரிபண்ண நீ என்ன செய்யப் போற? எழுதத் தெரிந்தவர் எழுதட்டும், எழுத வராதவர் சொல்லட்டும். மூன்றாவது கேள்விக்கான பதிலை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். தண்ணீரைக் கொட்டியவன் துடைப்பான். ஸ்கேலை உடைத்தவன் தன் ஸ்கேலைக் கொடுப்பான். பட்டப்பெயர் வைத்தவன் என்ன செய்வது என்று தெரியாமல் திணறுவான். அந்தத் திணறலுக்கு நேரம் கொடுங்கள். சொன்னதைச் செய்தானா என்று இரண்டு நாள் கழித்து மறக்காமல் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்க வேண்டாம். இம்போசிஷன் வேண்டாம், எழுதுவதை வெறுக்கவைக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது. எதிர்த்துப் பேசுகிற ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம் முப்பது பேர் முன்னால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "பீரியட் முடிஞ்சதும் பேசலாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். பெல் அடித்ததும் சொன்னபடி பேசுங்கள். உடம்பில் காயம், திடீர் ஒதுங்கல், போதைப் பொருள், பாலியல் தொல்லை பற்றிய சந்தேகம் என்று வந்தால் அதை நீங்களே தீர்க்க முயலாமல், அன்றே எழுத்தில் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

தாமதத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வேன் ஓட்டுகிற அப்பா, ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் போகிற அம்மா என்று இருவரும் விடியலிலேயே கிளம்பிவிடுகிற வீடுகள் நிறைய. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிற அக்காவுக்குப் பத்து நிமிடம் தாமதமாகும். அவளை வெளியே நிற்கவைத்தால் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகிறது. உள்ளே விடுங்கள், பிறகு காரணம் கேளுங்கள். கட்டுமான வேலைக்கு வந்த குடும்பங்களின் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் சொன்னதைச் செய்யாவிட்டால், முதலில் சொன்னது புரிந்ததா என்று பாருங்கள்.

பெற்றோரை அழைக்கிற முதல் போன் நல்ல செய்திக்காக இருக்கட்டும். "உங்க பையன் இன்னைக்கு வராதவர் நோட்டைத் தப்பில்லாம எழுதினான்ம்மா" என்று ஜூலையில் ஒருமுறை சொல்லியிருந்தால், செப்டம்பரில் ஒரு புகாரோடு கூப்பிடும்போது அந்த அம்மா உங்கள் பக்கம் நிற்பார். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். உங்கள் வகுப்பின் நடைமுறைகளை அங்கே ஒருமுறை விளக்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இன்டர்வியூவில்

தனியார் பள்ளி இன்டர்வியூவில் கட்டாயம் வருகிற கேள்வி, "ஒரு ஸ்டூடண்ட் சொல்பேச்சு கேட்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்பது. "அன்பால் திருத்துவேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். முதல் பத்து நாளில் எந்தெந்த நடைமுறையைப் பழக்குவீர்கள், எந்த வேலையை மாணவரிடம் கொடுப்பீர்கள், தவறு நடந்தால் எந்த மூன்று கேள்வியைக் கேட்பீர்கள், எந்த நிலையில் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோவீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். டெமோ கிளாஸில் பாடத்தை மட்டும் காட்டாமல், நோட்டுகளை விநியோகிக்கும் வேலையை ஒரு மாணவரிடம் கொடுத்து, அவர் பெயரைக் கேட்டு, முடித்ததும் நன்றி சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

நீங்களும் கேட்க வேண்டும். ஒரு செக்‌ஷனில் எத்தனை பேர்? வாரத்துக்கு எத்தனை சப்ஸ்டிட்யூஷன் பீரியட் வரும்? கவுன்சலர் இருக்கிறாரா, வாரம் எத்தனை நாள் வருவார்? ஒழுங்குப் புகாரை யார் விசாரிப்பது, எழுத்தில் பதிவு உண்டா? பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது கரும்பலகைகளின் ஓரத்தைப் பாருங்கள், மேசைகளின் மேல் பிரம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், "இதைப் பயன்படுத்தாம வகுப்பெடுக்க எனக்கு அனுமதி உண்டா சார்?" என்று நேராகக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்ட பிறகு சம்பளத்தைப் பேசுங்கள்.